நான் பார்த்துட்டுச் சொல்றேன்

ஏனுங்க, வண்டி ஏன் நிக்குதுன்னு யாராச்சும் சொன்னாங்களா? சிக்னல் இல்லையாமா? அரை மணி நேரமா இல்லைன்னா அது என்ன சிக்னலுங்க. ஜோலார்பேட்டைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கும்? எறங்கி நடந்தே போயிடலாம் போல இருக்குது எனக்கு. இல்ல இல்ல, நீங்க உட்காருங்க, நான்தான் எந்திரிக்கிறேன். காலையில கோயமுத்தூர்ல ஏறினதுலேர்ந்து கதவு வரைக்கும் நாலு தடவை போயிட்டு வந்துட்டேன். டீக்காரரு என்னைப் பார்த்தாலே இப்ப கப்பை நீட்டறாரு.

போன் அடிக்குது பாருங்க. அடிக்கட்டும் விடுங்க, ஆபீஸ்தான். ஈரோடு தாண்டிக் கொஞ்சம் கண்ணசந்துட்டேன், சேலத்துல முழிச்சுப் பார்த்தா பதினேழு தடவை கூப்பிட்டிருக்காங்க. பதினேழு! நான் இல்லாம அங்க ஒரு துரும்பு அசையாதுங்க. பெருமைக்குச் சொல்லலை, நெசமே அப்படித்தான்.

என்ற பேரு கோகிலவாணி. சாப்ட்வேர் கம்பெனி. சொன்ன உடனே எல்லாரும் பேங்க் ஆப்பு பண்ணுவீங்களான்னு கேப்பாங்க. இல்லீங்க. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கறாங்கல்ல, அந்தப் படமெல்லாம் சேர்த்து வெக்கிற பெட்டி ஒண்ணு இருக்கும், சர்வர்னு சொல்லுவாங்க. அதுக்குள்ள ஓடறது நாங்க எழுதறது. அந்தப் பெட்டிக்குள்ள யாரு வந்து மெமரியில இடம் கேட்டாலும், ‘இந்தா, உனக்கு இந்த இடம்’னு எடுத்துக் கொடுக்கறதுக்கு ஒரு பகுதி இருக்குது. அது நான் எழுதினது. முழுசா நான். பதினோரு வருஷமாச்சு, ஒரு நாள் ஒரு பொழுது அது படுத்துக்கிட்டதில்லை.

எப்படிப் படுக்கும்? அவ்வளவு கட்டுக்கோப்பு. ரெண்டு பேரு ஒரே நேரத்துல வந்து இடம் கேட்டா, ஒரே இடத்தை ரெண்டு பேருக்கும் கொடுத்துடக் கூடாதில்லீங்களா? கொடுத்தா உங்க முழங்கால் படத்து மேல இன்னொருத்தர் நெஞ்சுப் படம் ஏறி உட்கார்ந்துக்கும். அதுக்குத்தான் லாக்னு ஒண்ணு போடுவோம். கல்யாண மண்டபத்துக் குளியலறை இருக்குதுல்ல, அது மாதிரின்னு வெச்சுக்குங்க. ஒருத்தர் உள்ள போனா தாழ்ப்பாள். அவங்க வெளிய வந்தாத்தான் அடுத்த ஆள். நான் ஒரே ஒரு லாக்தான் போட்டேன். பத்து வெச்சா பத்துக் குழப்பம். ஒண்ணு இருந்தா யாரு உள்ள, யாரு வெளியன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிடலாம். கம்பெனியில அதை ‘வாணி லாக்’னே சொல்லுவாங்க. ஆமாங்க, என்ற பேருதான். புதுசா வேலைக்குச் சேர்ற பசங்களுக்குக்கூட அந்தப் பேரு தெரியும்.

இந்தச் சித்திரையிலதாங்க வினை ஆரம்பிச்சுது.

நான் எழுதினப்ப பெட்டிக்குள்ள வேலை பார்க்கற கோர் நாலு. நாலு ஆளுன்னு வெச்சுக்குங்களேன். இப்ப வந்திருக்கற பெட்டியில அறுபத்து நாலு. சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், அவங்க அதுல மூணு வாங்கினாங்க. வாங்கின ஒரு மாசத்துல போன் மேல போன். காலையில பத்து மணியானாப் படம் தெறக்கவே மாட்டேங்குதாம். டாக்டர் உட்கார்ந்திருக்காரு, நோயாளி உட்கார்ந்திருக்காரு, படம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்குது. பெட்டியைத் தொட்டா கொதிக்குதாம், ஃபேன் சத்தம் மாவு மில்லு மாதிரி கேக்குதாம்.

நான் என்ன சொன்னேன்? ‘பெட்டியில கோளாறு. நான் எழுதின கோடுல ஒண்ணும் இல்லை’ன்னு சொன்னேன். பதினோரு வருஷம் ஓடினது திடீர்னு எப்படிங்க கெட்டுப் போகும்?

இங்கதான் ஜெபசிங் வர்றான். தூத்துக்குடிப் பையன். பையன் என்ன பையன், முப்பத்தஞ்சு வயசு, எங்க டீமுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது. பேச்சு கொஞ்சம், வேலை சுத்தம், அதெல்லாம் நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். அவன் வந்து நிக்கறான், ‘அக்கா, கோளாறு லாக்லதான்னு நினைக்கிறேன். அறுபத்து நாலு பேரும் அங்கதான் வந்து நிக்கறாங்க’ன்னு. ‘நின்னா நிக்கட்டும், முறை வந்தாக் கிடைக்கும்’னேன். ‘சும்மா நிக்கலைக்கா, தட்டிக்கிட்டே நிக்கறாங்க’ங்கறான்.

அது உண்மைதாங்க. இந்த லாக்ல காத்திருக்கறவங்க ஓரமா உட்கார மாட்டாங்க. ‘ஆச்சா, ஆச்சா, ஆச்சா’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வேலை ஒண்ணும் நடக்காது, ஆனா எல்லாரும் மூச்சு வாங்கிட்டு நிப்பாங்க. பெட்டி கொதிக்கறதே அதனாலதான். அதனாலதான் எங்க தொழில்ல ஒரு கண்டிஷன் உண்டு, அந்த மாதிரி லாக்கைக் கையில வெச்சுக்கிட்டு நீ தூங்கக் கூடாது. நீ பாட்டுக்குத் தூங்கிட்டா வெளிய நிக்கறவன் கதி என்ன? போன வருஷம் ஒருத்தன் அப்படி எழுதிட்டு வந்தான், அவனை நான் விட்ட டோஸ்ல ரெண்டு நாள் லீவு போட்டுட்டான்.

மறுபடியும் அடிக்குது. நீங்க சொல்லுங்க, நான் பேசிட்டிருக்கறது இவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

சரி, லாக் மேல குத்தம் இல்லைன்னு காட்டிடலாம்னு நானே இறங்கினேன். ஒவ்வொரு கோரும் எவ்வளவு தடவை காத்திருக்குதுன்னு எண்றதுக்கு ஆளுக்கொரு எண்ணிக்கை வெச்சேன். அறுபத்து நாலு எண்ணிக்கை. ஜெபசிங்கைத்தான் எழுதச் சொன்னேன். எழுதிட்டு வந்தான். பார்த்தா, ஒரு எண்ணிக்கைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இத்தனை இடம் காலியா விட்டிருக்கான். ஒரு எண்ணு, அப்புறம் வெத்து, வெத்து, வெத்து, அப்புறம் அடுத்த எண்ணு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. ‘என்னடா இது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை நோட்டுல வரி விட்டு எழுதற மாதிரி? இடம் என்ன இலவசமா?’ன்னுட்டு, நானே உட்கார்ந்து அந்தக் காலி இடமெல்லாம் அழிச்சு, அழகா நெருக்கமா வரிசையா வெச்சேன். பார்க்கறதுக்கே அவ்வளவு லட்சணமா இருந்துது. அவன் ஏதோ சொல்ல வந்தான். ‘நான் பார்த்துக்கறேன் போ’ன்னேன்.

ஆஸ்பத்திரியில அதைப் போட்டோம். பெட்டி இன்னும் மோசமாப் போச்சுங்க. முன்னாடி பத்து மணிக்கு நின்னது, இப்ப ஒம்பதே காலுக்கு நிக்குது. நான் விடலையே! ‘பார்த்தீங்களா, லாக்கை நான் தொடவே இல்லை, இருந்தும் மெதுவாகுதுன்னா கோளாறு பெட்டியிலதான்’னு அடிச்சுச் சொன்னேன். பெட்டிக்காரங்களும் வந்து மூணு வாரத்துல ரெண்டு மதர்போர்டு மாத்திட்டுப் போனாங்க. ஒண்ணும் ஆகலை.

ஏன் ஆகலைன்னா... உங்க பேப்பரைக் கொஞ்சம் கொடுங்க, காட்டறேன். இந்தத் தாள் இருக்குதுங்களா, முன்பக்கம் நீங்க நியூஸ் படிக்கிறீங்க. பின்பக்கம் நான் குறுக்கெழுத்துப் போடறேன். உங்களுக்கும் எனக்கும் ஏதாச்சும் சண்டை உண்டா? கிடையாது. நீங்க படிக்கறது வேற, நான் எழுதறது வேற. ஆனாத் தாள் ஒண்ணு. நான் ஒரு எழுத்துப் போடணும்னா உங்க கையிலேர்ந்து புடுங்கணும். நீங்க ஒரு வரி படிக்கணும்னா என்ற கையிலேர்ந்து புடுங்கணும். நாள் பூரா புடுங்கறதே வேலை. பெட்டிக்குள்ளயும் அதேதாங்க. ஒவ்வொரு கோரும் தனக்கு வேணுங்கறதைப் பக்கத்துலயே வெச்சுக்கறதுக்கு ஒரு சின்ன இடம் உண்டு, அடுப்புக்குப் பக்கத்துல உப்பு டப்பா வெக்கிறோமில்ல, அப்படி. ஆனா ஒரு எண்ணா எடுக்காது, ஒரு தாளா எடுக்கும். எட்டு எண்ணு ஒரு தாள்ல வந்தா எட்டு ஆளும் அந்தத் தாளைப் புடுங்கிக்கிட்டே இருப்பாங்க. காலி இடம் விட்டு எழுதினா ஆளுக்கொரு தாள். சண்டை தீர்ந்துது.

ஆமாங்க. அவன் விட்ட காலி இடம் அதுக்குத்தான். சொல்லியிருக்கலாமில்ல அவன்? சொல்ல வந்தான், சரி. ஆனா கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாமில்ல?

கடைசியில அவனே அதைக் கண்டுபிடிச்ச மாதிரி மெயில் போட்டான். ‘எண்ணிக்கைகள் நெருக்கமாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்’னு. நான் அழிச்சேன்னு எங்கேயும் எழுதலை. நாகரிகமானவன்தான். நானும் பதில் போட்டேன், ‘கவனத்துக்கு நன்றி, பார்த்துட்டுச் சொல்றேன்’னு.

இந்த ‘பார்த்துட்டுச் சொல்றேன்’ங்கறதை வெச்சு எங்க ஆபீஸ்ல கிண்டல் வேற பண்றாங்களாமாங்க. பார்க்காம எப்படிச் சொல்றது? வீட்டுல பாருங்க, பொங்கலுக்கு முன்னாடி ஹால் சுவத்துக்குப் பட்டி பார்த்து வெச்சாச்சு. என்ன கலர் அடிக்கறதுன்னு நான் பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். ஆடி வந்துடுச்சு, எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை கேக்கலையே! சுவரு வெள்ளையா நிக்குது, அவரு அது முன்னாடி நாற்காலி போட்டு டிவி பார்க்கறாரு. அவ்வளவு பொறுமை. அந்தப் பொறுமை ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இல்லை.

அப்புறம் ஜெபசிங் பெருசா ஒண்ணு எழுதினான். எண்ணிக்கையை விடுங்க, லாக்கையே சுத்திக்கிட்டுப் போற வழி. ஒவ்வொரு கோருக்கும் கைவசம் கொஞ்சம் இடம் முன்கூட்டியே கொடுத்து வெச்சுடறது. இடம் வேணும்னா தன்னோடதுலேர்ந்தே எடுத்துக்கும். அது தீர்ந்தாத்தான் என்ற லாக்கிட்ட வரும், மொத்தமா ஒரு கைப்பிடி வாங்கிட்டுப் போயிடும். யாரும் யாருக்காகவும் நிக்க வேண்டியதில்லை.

நல்லாத்தான் இருந்துது. எனக்குப் படிச்ச அன்னிக்கே தெரிஞ்சுது. அதைத்தாங்க யார்கிட்டயும் சொல்லலை, உங்ககிட்டச் சொல்றேன். படிச்சு முடிச்சுட்டு ஆபீஸ் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்னேன்.

ஆனா எங்க கம்பெனி வழக்கப்படி, மெமரி பக்கம் யாரு ஒரு வரி மாத்தினாலும் நான் பார்த்து அப்ரூவ் கொடுத்தாத்தான் உள்ள போகும். நான் மட்டும்தான். அது நான் கேட்டு வாங்கின ஏற்பாடு. ஜெபசிங் கொடுத்து இன்னியோட நாப்பத்தோரு நாள். சும்மா வெச்சிருக்கலைங்க, கேள்வி கேட்டேன். ஒரு கோரு நிறைய வாங்கிப் பதுக்கி வெச்சுட்டு, இன்னொண்ணு இல்லாமத் தவிச்சா? கேட்டேன். அதுக்குத் திருப்பி வாங்கற வழி எழுதிட்டு வந்தான். சரி, பேரு ஏன் இப்படி வெச்சிருக்கே? மாத்திட்டு வந்தான். விளக்கக் குறிப்பு நீளமா இருக்குதேன்னேன், குறைச்சான். அப்புறம் ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னேன். அதுக்கும் உப்பு கம்மின்னாப் போடறவன் மாதிரி போட்டுட்டு வந்தான். அவனோடது மட்டும் இல்லை, மத்தவங்களோடதும் சேர்த்துப் பத்தொம்பது என்கிட்ட நிக்குது. அவ்வளவு நம்பிக்கை என் மேல.

இப்ப விஷயம் என்னன்னா, இன்னிக்கு ஆஸ்பத்திரியில கடைசிப் பரீட்சை. இன்னிக்கும் படம் தெறக்கலைன்னா மூணு பெட்டியையும் எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க. மூணு மணிக்குன்னு சொன்னாங்க. ஜெபசிங்கும் எங்க மேனேஜர் பத்ரி சாரும் நேத்தே போயாச்சு. ‘நான் நேர்ல வந்து பார்த்துட்டு அப்ரூவ் கொடுக்கறேன்’னு சொல்லிட்டு நான் இந்த வண்டி ஏறினேன். ரெண்டு மணிக்குள்ள போய்ச் சேர்ந்திருப்பேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்காரங்க, கூட்டம் இருக்கறப்பத்தான் பார்க்கணும், பன்னெண்டு மணிக்கே வைங்கன்னுட்டாங்களாம், சேலத்துல மெசேஜ்ல பார்த்தேன். அதுக்குத்தான் இத்தனை போனு. இங்க வண்டி நிக்குது.

போன்லயே கொடுக்கலாமான்னா? கொடுக்கலாங்க. ஒரு பொத்தான்தான். இதோ, இதுதான். பச்சையா இருக்குது பாருங்க.

அழுத்தலாம். அழுத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பெட்டி ஓடும். ஜம்முனு ஓடும். அப்புறம் அங்க போய் நான் என்னங்க பண்றது? ஓரமா நின்னு கை தட்டறதா? பதினோரு வருஷம் எல்லாமே என்ற வழியாத்தான் போச்சு. நல்லதோ கெட்டதோ, ஒவ்வொண்ணுக்கும் என்கிட்ட வந்து நின்னாங்க. அது திமிருன்னு வெளிய இருந்து பார்க்கறவங்களுக்குத் தோணும். திமிரு இல்லீங்க. பயம்.

இதென்ன, உங்ககிட்ட எதையெல்லாமோ சொல்லிட்டிருக்கேன்.

மணி என்ன ஆச்சு? பன்னெண்டே காலா! ஐயோ. பேசிக்கிட்டே இருந்துட்டேனே. அங்க நோயாளிங்க வந்து உட்கார்ந்திருப்பாங்களே. இருங்க, இருங்க, அழுத்திடறேன். அந்தக் காலி இடம் விஷயத்துல நான்தான் தப்பு பண்ணேன், இதுலயும் பண்ணிடக் கூடாது. ஜெபசிங்கிட்ட அங்க போய்ச் சொல்லிடறேன், நான்தான்டா அழிச்சேன்னு எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிடறேன். என்ன இப்ப, தலையா போயிடும்? இதோ அழுத்தியாச்சு.

ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா? இதுல என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் படிங்க.

‘ஏற்கெனவே சேர்க்கப்பட்டது.’ பதினொண்ணு முப்பத்தெட்டுக்கு. யாரு கொடுத்ததுன்னு போட்டிருக்குதா? கீழ பாருங்க... சந்தானலட்சுமி. அது எங்க டீம் பொண்ணு, இன்னும் மூணு வருஷ அனுபவம்கூட இல்லை. அவளுக்கு ஏது அந்த உரிமை?

இதோ, பத்ரி சார் அனுப்பின மெசேஜ் இருக்குது. நான் பார்க்கலை. ‘மேடம், உங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை. இனி மெமரி பகுதிக்கு டீமில் உள்ள ஆறு பேருமே அப்ரூவ் கொடுக்கலாம் என்று மாற்றியிருக்கிறேன். மிகச் சிக்கலாக ஏதாவது வந்தால் மட்டும் உங்களிடம் அனுப்புவோம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.’

அப்ப அந்தப் பத்தொம்பது? இருங்க பார்க்கறேன். ஒண்ணு... மூணு... பாதிக்கு மேல போயாச்சுங்க. அரை மணி நேரத்துல. உட்கார்ந்து தட்டித் தட்டி விட்டிருக்காங்க.

நான் ஜெபசிங்கைக் கூப்பிடறேன். நானே கூப்பிடறேன். நீங்க இருங்க, எங்கயும் போகாதீங்க.

...

எடுத்தான். முதல் மணியிலயே எடுத்தான். பின்னாடி ஒரே சிரிப்புச் சத்தம். ‘படம் எவ்வளவு நேரத்துல தெறக்குது?’ன்னேன். ‘தொட்ட உடனேக்கா’ங்கறான். ‘பெட்டி கொதிக்குதா?’ ‘சில்லுனு இருக்குக்கா.’ சரி, சந்தோஷம்னேன். சந்தோஷம்தாங்க எனக்கு, நெசமாவே. அப்புறம் வாய் சும்மா இருக்குதா? ‘வாணி லாக்?’னு கேட்டுட்டேன். ‘அப்படியே இருக்குக்கா, நான் ஒரு வரி தொடலை. எப்பவாச்சும் தேவைப்படறப்ப அதுகிட்டத்தான் வரும்’னான். ‘இன்னிக்கு எவ்வளவு தேவைப்பட்டுது?’ன்னேன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. ‘ஆரம்பத்துல கொஞ்சம் தடவைக்கா. அப்புறம் யாரும் போகலை’ன்னான்.

நான் அழிச்ச விஷயத்தைச் சொல்லலாம்னு வாயைத் தெறந்தேன். அதுக்குள்ள அங்க யாரோ அவனைக் கூப்பிட்டாங்க. போறதுக்கு முன்னாடி, ‘அக்கா, வண்டி லேட்டுன்னு சொன்னாங்களே, நீங்க ஒண்ணும் பதறாதீங்க, மெதுவா வாங்க’ன்னான்.

மெதுவா வாங்களாம்.

பதினோரு வருஷத்துல ஒருத்தர் என்கிட்ட இந்த வார்த்தை சொன்னதில்லீங்க. ‘எப்பக்கா பார்ப்பீங்க’, ‘கொஞ்சம் சீக்கிரம் மேடம்’, ‘உங்களுக்காகத்தான் நிக்கறோம்’, இதுதான் கேட்டிருக்கேன். காலையில எந்திரிச்சாக் கேப்பேன், சாப்பிடறப்பக் கேப்பேன், குளியலறைக்கு வெளிய போனை வெச்சுட்டுப் போனா அங்கயும் அடிக்கும். சலிச்சுக்குவேன், திட்டுவேன். அந்தப் பையன் பாசமாத்தாங்க சொன்னான், குரல்ல ஒரு துளி குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தாக்கூட நல்லாக் கேட்டுவிட்டிருப்பேன் நாலு கேள்வி. இல்லையே. நான் என்னங்க பண்ணட்டும்?